தொண்டை ஆறியபின் வரும் குளிர்



இன்று நான் பேச வந்திருப்பது தொண்டை வலியைப் பற்றி.

தொண்டை வலிக்கு ஒரு சொற்பொழிவா என்று நீங்கள் கேட்கலாம். தொண்டை வலி வராத வீடு எது? மழைக்காலம் பிறந்தால் வருகிறது, ஊர் மாறினால் வருகிறது, தண்ணீர் மாறினால் வருகிறது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறோம். மிளகுக் கஷாயம் வைக்கிறோம். பாலில் மஞ்சள்தூள் போட்டுக் குடிக்கிறோம். அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்கிறோம். மூன்று நாளில், மிஞ்சிப்போனால் ஒரு வாரத்தில், சரியாகிவிடுகிறது. பெரும்பாலான தொண்டை வலிகள் வைரஸால் வருகின்றன. தானாக வந்து தானாகப் போகின்றன. இந்த உண்மையை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அரங்கை விட்டு வெளியே போகும் யாரும் ஒவ்வொரு தொண்டை வலிக்கும் நடுங்க வேண்டியதில்லை.

ஆனால் மிக அபூர்வமாக, பல லட்சம் பேரில் ஒருவருக்கு, தொண்டையில் தொடங்கிய தொற்று தொண்டையோடு நிற்பதில்லை. பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கினால் உயிர் நாள் கணக்கில் ஊசலாடும். அது யாரைத் தேடி வருகிறது தெரியுமா? முதியவர்களையா? சர்க்கரை நோயாளிகளையா? இல்லை. பதினைந்து வயது முதல் இருபத்தைந்து வயது வரை உள்ள, நேற்று வரை மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த, ஒரு நோயும் இல்லாத இளைஞர்களைத் தேடி வருகிறது. அதனால்தான் பேச வந்தேன். இந்த நோய்க்கு லெமியேர் நோய்க்குறித் தொகுப்பு என்று பெயர்.

பெயர் இருக்கட்டும். முதலில் நோயைப் பார்ப்போம்.

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தொண்டை வலி. திங்கட்கிழமை எச்சில் விழுங்கினாலே வலி, கூடவே 101 டிகிரி காய்ச்சல். அறைத் தோழன் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறான். புதன்கிழமை கொஞ்சம் தேவலாம். வியாழக்கிழமை தொண்டை வலி ஏறக்குறைய போய்விட்டது. மெஸ்ஸில் உட்கார்ந்து நான்கு சப்பாத்தி சாப்பிடுகிறான். வீட்டுக்குப் போன் செய்து, "சரியாயிடுச்சும்மா" என்று சொல்கிறான். அம்மாவுக்கும் நிம்மதி.

வெள்ளிக்கிழமை இரவு குளிர் வருகிறது.

சாதாரணக் குளிர் இல்லை. பற்கள் கிட்டி, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும் குளிர். இரும்புக் கட்டில் ஆடுகிற சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் எழுந்துகொள்கிறான். நான்கு பேருடைய போர்வையைப் போர்த்தியும் நடுக்கம் அடங்கவில்லை. அரை மணி நேரம் கழித்துக் காய்ச்சல் 104. அதன் பிறகு சட்டை நனைய வியர்வை. காலையில் எழுந்தால் உடம்பு அடித்துப் போட்டது போல வலிக்கிறது, ஆனாலும் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. இரவு மறுபடியும் குளிர்.

சனிக்கிழமை இன்னொன்று சேர்கிறது. கழுத்தின் இடப்பக்கம் வலி. இடப்பக்கம் மட்டும். திரும்பிப் படுத்தால் வலிக்கிறது, தொட்டால் வலிக்கிறது. தலையணை சரியில்லாமல் சுளுக்கிக்கொண்டது என்று அவன் நினைக்கிறான். தைலம் தேய்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறது. திங்கட்கிழமை மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தொண்டை. பிறகு குளிர். பிறகு கழுத்து. பிறகு மார்பு. நான் இன்று சொல்லப் போகிற அத்தனையும் இந்த வரிசைக்குள் அடக்கம்.

அவன் உடம்புக்குள் என்ன நடந்தது? வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தால் இரு பக்கமும் தெரிகிற டான்சில்களைத் தாண்டி, தொண்டைச் சுவருக்கு வெளியே, கழுத்தின் ஆழத்தில் ஓர் உறை மேலிருந்து கீழாக இறங்குகிறது. அந்த உறைக்குள் மூன்று பேர் சேர்ந்து குடியிருக்கிறார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி ஒன்று. மூளையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் ஜுகுலர் சிரை ஒன்று. வேகஸ் நரம்பு ஒன்று. அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த ஹாரிஸ் மோஷர் என்ற தொண்டை அறுவை நிபுணர், 1929-இல், இந்த உறையைக் கழுத்தின் லிங்கன் நெடுஞ்சாலை என்று வர்ணித்தார். நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்து அந்த நாட்டின் குறுக்கே போன பெருஞ்சாலை அது. கழுத்தில் எங்கே சீழ் பிடித்தாலும் கடைசியில் இந்த வழியில் ஏறிவிடும், ஏறிவிட்டால் நெஞ்சுக்கூடு வரை தடையில்லாமல் போகும் என்பதைத்தான் அவர் ஒரே பெயரில் சொல்லிவிட்டார்.

டான்சிலில் இருந்து புறப்படும் சிறு சிரைகள் ஒன்றோடொன்று சேர்ந்து இந்த ஜுகுலர் சிரையில் வந்து கலக்கின்றன. தொற்று அந்தச் சிறு சிரைகளின் வழியாகவோ, திசுக்களைத் துளைத்துக்கொண்டு நேராகவோ, பெரிய சிரையின் சுவரை எட்டுகிறது. சுவர் வீங்குகிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. உறைந்த ரத்தக்கட்டிக்குள் கிருமி குடியேறுகிறது. அங்கே அதற்குச் சாப்பாடும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. நம் வெள்ளணுக்கள் உள்ளே நுழைய முடியாது.

அடுத்தது என்ன? கட்டியிலிருந்து துணுக்குகள் உடைகின்றன. சிரை ரத்தம் எங்கே போகும்? இதயத்தின் வலப்பக்கத்துக்கு. அங்கிருந்து? நுரையீரலுக்கு. நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் அந்தத் துணுக்குகள் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. சிக்கிய ஒவ்வோர் இடமும் ஒரு சிறு சீழ்க்கட்டியாகிறது. அந்த மாணவனின் விலாவில் குத்தியது அதுதான். நுரையீரலைத் தாண்டியும் சில துணுக்குகள் போகும். இடுப்பு மூட்டுக்கு, தோள் மூட்டுக்கு, கல்லீரலுக்கு, சில சமயம் மூளைக்கு.

இத்தனையும் நடக்கும்போது தொண்டை? தொண்டை ஆறிக்கொண்டிருக்கிறது! மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தால் கொஞ்சம் சிவந்திருக்கும், அல்லது அதுகூட இருக்காது. இந்த நோயின் வஞ்சகம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. தீ வைத்த இடம் அணைந்துவிடுகிறது. எரிவது வேறு இடத்தில்.

சரி, தீ வைத்தது யார்? ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியா. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் வாழ முடியாத இனம். பல்லிடுக்கிலும் டான்சிலின் குழிகளிலும் காற்றுப் புகாத மூலைகளில் ஒளிந்து வாழக்கூடியது. ஆய்வகத்தில் இதை வளர்த்துத் தட்டின் மூடியைத் திறந்தால் ஒரு கெட்ட வாடை அடிக்கும். நுண்ணுயிரியல் துறையில் வேலை செய்கிறவர்கள் அந்த வாடையை மறக்க மாட்டார்கள்.

இந்தக் கிருமியை மனித மருத்துவர்களை விடக் கால்நடை மருத்துவர்கள் முன்பே அறிவார்கள். 1884-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஃபிரெட்ரிக் லோஃப்ளர் கன்றுக்குட்டிகளின் தொண்டை நோயில் இதைப் பார்த்துவிட்டார். டிப்தீரியாக் கிருமியை அடையாளம் காட்டினாரே, அதே லோஃப்ளர்தான். மாடு வளர்க்கிறவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். குளம்பு அழுகல் உங்களுக்குப் புதிதல்ல. தானியத் தீவனம் மிகுதியாகத் தின்னும் மாடுகளின் கல்லீரலில் கட்டும் சீழும் தெரிந்திருக்கும். இரண்டிலும் இந்தக் கிருமிக்குப் பங்குண்டு.

இதனிடம் இருக்கும் ஆயுதங்களைக் கேளுங்கள். வெள்ளணுக்களைக் கொல்லும் ஒரு நச்சு. தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒரு புரதம். முதலாவது, காவலுக்கு வருபவர்களை வீழ்த்துகிறது. இரண்டாவது, ரத்தத்தை உறைய வைக்கிறது. ரத்தக் குழாய்க்குள் இறங்கியதும் இந்தக் கிருமி ஏன் இவ்வளவு எளிதாகக் கட்டி கட்டுகிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

இப்போது பாரிஸ் நகரத்துக்கு வாருங்கள். ஆண்டு 1936. தொற்றுநோய்களுக்கென்றே இயங்கிய கிளோத் பெர்னார் மருத்துவமனை. அங்கே பணிபுரிந்தவர் ஆந்த்ரே லெமியேர். 1875-இல் பிறந்தவர், அப்போது அறுபதைத் தொட்டவர். அந்த ஆண்டு லண்டனிலிருந்து வரும் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இருபது நோயாளிகளின் வரலாறு. இளம் வயதினர், ஆரோக்கியமாக இருந்தவர்கள். தொண்டை அழற்சி, அல்லது டான்சிலுக்குப் பின்னால் சீழ். சில நாள் கழித்துக் குளிர் நடுக்கம். கழுத்தில் வீக்கம். நுரையீரலில் சீழ். மூட்டுகளில் சீழ்.

இருபது பேரில் எத்தனை பேர் பிழைத்தார்கள்? இரண்டு பேர். பதினெட்டு பேர் இறந்துபோனார்கள்.

அவருக்கு முன்பும் இதைக் கண்டவர்கள் உண்டு. பிரான்சில் கூர்மோன், காத் என்ற இருவர் 1900-இல் எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஷாட்முல்லர் 1918-இல் எழுதியிருக்கிறார். ஆனாலும் நோயின் முழு உருவத்தையும் வரைந்து காட்டியவர் லெமியேர்தான். அந்த உருவம் அவ்வளவு தெளிவானது, படுக்கையருகே நின்று நோயாளியைப் பார்த்தே சொல்லிவிடலாம், தவறு நேர்வது ஏறக்குறைய இயலாத காரியம் என்று அவர் எழுதினார். எண்ணிப் பாருங்கள். சி.டி. ஸ்கேன் இல்லை, அல்ட்ராசவுண்ட் இல்லை. கேட்கத் தெரிந்த காதும், தொட்டுப் பார்க்கத் தெரிந்த விரலும்தான் படுக்கையருகே அவர் கையில் இருந்தவை. கண்டுபிடித்துவிட்டார். ஆனால் காப்பாற்ற மருந்து இல்லை! அறுவை மருத்துவர்கள் கழுத்தைத் திறந்து அந்தச் சிரையைக் கட்டிப் பார்த்தார்கள், கட்டி மேலே பரவாமல் இருக்கட்டும் என்று. அதற்கும் சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. என்ன நோய் என்று திட்டவட்டமாகத் தெரிந்தும் கைகட்டி நிற்க வேண்டியிருந்த ஒரு மருத்துவரின் வேதனை, அந்தக் கட்டுரையை நினைக்கும்போதெல்லாம் என் மனத்தில் வருகிறது.

பிறகு பெனிசிலின் வந்தது. 1928-இல் ஃபிளெமிங் கண்ட பூஞ்சை, 1940-களில் மருந்தாகி உலகெங்கும் பரவியது. தொண்டை வலி என்று வந்தவர்களுக்கெல்லாம் பெனிசிலின் கொடுத்தார்கள். லெமியேரின் நோய் மறையத் தொடங்கியது. ஐம்பதுகள், அறுபதுகள், எழுபதுகள்! ஒரு தலைமுறை மருத்துவர்கள் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் பணி ஓய்வு பெற்றார்கள். மருத்துவ இலக்கியத்தில் இதற்கு மறக்கப்பட்ட நோய் என்றே பெயர் வந்துவிட்டது.

நோய் மறைந்ததா? இல்லை. நாம்தான் மறந்தோம். 1990-களிலிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மீண்டும் செய்தி வரத் தொடங்கியது. டென்மார்க்கில் 1998 முதல் 2001 வரை நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 3.6 பேர். பதினைந்து முதல் இருபத்து நான்கு வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் பத்து லட்சத்துக்கு 14.4 பேர். சிறிய எண்தான். ஆனால் அந்த வயதில் உள்ள பிள்ளைகளை ஒரு பெரிய மாநிலத்தில் எண்ணிப் பாருங்கள், பிறகு அந்த எண் சிறியதாகத் தோன்றாது.

அமெரிக்காவில் ராபர்ட் சென்டர் என்ற மருத்துவர் இருக்கிறார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டை அழற்சியைக் கணிக்க உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் மதிப்பெண் முறை அவருடையது, 1981-இல் வந்தது. அவரே பிற்காலத்தில் ஃபியூசோபாக்டீரியத்தின் பின்னால் போனார். அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் மருத்துவமனைக்குத் தொண்டை வலியோடு வந்த இளைஞர்களைச் சோதித்து 2015-இல் முடிவு வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவர் தொண்டையில் ஃபியூசோபாக்டீரியம் இருந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருந்ததோ பத்தில் ஒருவரிடம். தொண்டை வலியே இல்லாத மாணவர்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் இந்தக் கிருமி இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிருமி இருந்தால் நோய் வந்தே தீரும் என்று பொருளில்லை. ஆனால் இளைஞனின் தொண்டை வலி என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு ஏட்டை மூடுவது போதாது. அதைத்தான் சென்டர் வற்புறுத்துகிறார். நானும் அதையே வற்புறுத்துகிறேன்.

நண்பர்களே, இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அந்த மாணவன் நம் ஊரில் காய்ச்சலோடு வந்தால் என்ன நடக்கும்?

குளிர் காய்ச்சல் என்றதும் மலேரியாவுக்கு ரத்தம் எடுப்போம். டெங்குவுக்கு எடுப்போம். எடுக்க வேண்டியதுதான், தவறில்லை. ஆனால் இந்த நோயிலும் தட்டணுக்கள் குறையும். அறிக்கையில் தட்டணு நாற்பதாயிரம் என்று பார்த்ததும், "டெங்கு மாதிரி இருக்கு, தண்ணீர் நிறையக் குடி" என்று சொல்லி அனுப்பிவிட்டால்? கண்ணில் லேசாக மஞ்சள் தெரியும். மஞ்சள் காமாலையோ எலிக்காய்ச்சலோ என்று மனம் போகும். மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலில் குழி விழுந்த கட்டிகள் தெரியும். காசநோய் மிகுந்த நாட்டில் அந்தப் படத்தைப் பார்த்ததும் எந்த நோய் நினைவுக்கு வரும்? நீங்களே சொல்லிவிடுவீர்கள். சளியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். காத்திருக்க நோயாளிக்கு நேரம் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

இன்னொன்று. மனம் வருந்திச் சொல்கிறேன். நம் ஊரில் தொண்டை வலி என்று மருந்துக்கடையில் போய் நின்றால் அசித்ரோமைசின் கிடைக்கும். ஐந்நூறு மில்லிகிராம், மூன்று மாத்திரை, மூன்று நாள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. ஆனாலும் கையில் வந்துவிடுகிறது. அசித்ரோமைசினும் எரித்ரோமைசினும் சேர்ந்த அந்த மருந்துக் குடும்பத்தை ஃபியூசோபாக்டீரியம் பொருட்படுத்துவதே இல்லை. பெனிசிலின் குடும்ப மருந்துகளும் மெட்ரோனிடசோலும் அதன்மேல் வேலை செய்யும். அசித்ரோமைசின் செய்யாது. மூன்று மாத்திரையையும் ஒழுங்காக விழுங்கிவிட்டு, மருந்து சாப்பிட்டாகிவிட்டது என்ற நம்பிக்கையில் அந்த மாணவன் வெள்ளிக்கிழமை இரவு வரை வந்து சேர்ந்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். சீட்டைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்த கையையும், தேவையில்லாத வைரஸ் காய்ச்சலுக்கெல்லாம் அதையே எழுதிக்கொடுக்கும் நம் பழக்கத்தையும் குறை சொல்வேன்.

அப்படியானால் ஒவ்வொரு தொண்டை வலிக்கும் பெனிசிலின் கொடுத்துவிடலாமா? ஐம்பதுகளில் அப்படித்தானே செய்தார்கள், நோயும் மறைந்ததே? இந்தக் கேள்வி நியாயமானது. பதில்: கூடாது. பல லட்சம் வைரஸ் தொண்டைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகளை வளர்ப்போம், ஒவ்வாமையால் சிலரை இழப்போம். லெமியேர் நோயை எல்லாருக்கும் முன்கூட்டியே மருந்து கொடுத்துத் தடுக்க வேண்டாம். வருகிற ஒருவரை நேரத்தில் பிடித்தால் போதும். பிடிக்க முடியுமா? முடியும். குளிர் வந்த அன்றே பிடிக்க முடியும்.

சிரையைப் பற்றி இவ்வளவு சொன்னேன். அதே உறைக்குள் பக்கத்தில் இருக்கும் தமனியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டான்சிலுக்குப் பின்னாலோ தொண்டையின் பக்கச் சுவரிலோ கட்டிய சீழ், நாள்பட்டால் கரோட்டிட் தமனியின் சுவரை அரித்துவிடும். அரித்த இடத்தில் சுவர் பலவீனப்பட்டுப் புடைக்கும். அது உடைந்தால் சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் உடைவதற்கு முன் பல நேரங்களில் எச்சரிக்கை வரும். வாயிலோ மூக்கிலோ காதிலோ சிறிதளவு ரத்தம். தானாக நின்றுவிடும். மறுநாள் மறுபடியும் கொஞ்சம். ஒரு கண்ணின் இமை தாழ்ந்து, அந்தக் கண்ணின் பாவை மட்டும் சிறுத்திருக்கும். குரல் கம்மலாம், நாக்கை நீட்டினால் ஒரு பக்கம் கோணலாம். தொண்டையில் சீழ் இருந்தவருக்கு நின்று நின்று ரத்தம் வந்தால், நின்றுவிட்டதே என்று வீட்டில் இருக்காதீர்கள். ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்தைய காலத்துத் தொண்டை மருத்துவர்கள் இதற்கு அஞ்சியதுபோல் வேறெதற்கும் அஞ்சியதில்லை. இன்று ஆஞ்சியோகிராம் செய்து, குழாயின் உள்ளிருந்தே அடைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

தொண்டையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேறொரு வழியும் உண்டு, ருமாட்டிக் காய்ச்சல். அது ஸ்ட்ரெப்டோகாக்கஸின் வேலை, ஐந்திலிருந்து பதினைந்து வயதுக் குழந்தைகளுக்கு வருவது. வால்வைச் சுருக்கி, பல ஆண்டு கழித்து இதயத்துக்குள் ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தில் கொண்டுவிடும். இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஊசியைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அதைப் பற்றித் தனியே பேச வேண்டும், இன்று இதோடு விடுகிறேன்.

மீண்டும் நம் மாணவனிடம் வருவோம். செவ்வாய்க்கிழமை அவனைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு மருத்துவர் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறார். தாடை எலும்பின் கோணத்திலிருந்து தொடங்கி, கழுத்தின் பக்கவாட்டில் சரிந்திறங்கும் தசையின் முன் விளிம்பை ஒட்டி, காறை எலும்பு வரை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வருகிறார். வலப்பக்கம் அவன் பேசாமல் இருக்கிறான். இடப்பக்கம் விரல் நகர நகர முகம் சுளிக்கிறான். நெறி கட்டியிருந்தால் உருண்டையாக விரலுக்கடியில் ஓடும். இது அப்படி ஓடவில்லை. நீளவாக்கில், தசையின் வழி நெடுக வலிக்கிறது. உள்ளே சிரை அடைத்திருக்கிறது. லெமியேர் தொட்டுப் பார்த்ததும் இதையேதான்.

அதன் பிறகு நடப்பது எல்லாம் வேகமாக நடக்க வேண்டும். ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுப்பார்கள், ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமிக்கான பாட்டிலில் கட்டாயம் எடுக்க வேண்டும். அந்தப் பாட்டில் இல்லாவிட்டால் இந்தக் கிருமி முளைக்காது, அறிக்கையில் ஒன்றுமில்லை என்று வந்துவிடும். இருந்தாலும் முளைக்க இரண்டிலிருந்து ஏழு நாள் பிடிக்கலாம். அதுவரை மருந்துக்குக் காத்திருக்கக் கூடாது. கழுத்தில் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் உடனே எடுக்கலாம், செலவும் குறைவு. ஆனால் தாடைக்கு அடியிலும் காறை எலும்புக்கு அடியிலும் இருக்கும் கட்டியை அது காட்டாமல் விட்டுவிடும். சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் உறுதியானது. கழுத்தையும் மார்பையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடலாம். வெண்மையாகத் தெரிய வேண்டிய ஜுகுலர் சிரை கருமையாக, சுற்றிலும் ஒரு வெண்வளையத்தோடு தெரியும். நுரையீரலின் ஓரங்களில் கட்டிகள் சிதறிக் கிடக்கும். படம் வந்த கணத்திலிருந்து சந்தேகம் இல்லை.

மருந்து புதிதா? அரிதானதா? இல்லை. நம் அரசு மருத்துவமனைகளில் உள்ள மருந்துகள்தான். பைப்பராசிலினும் டாசோபாக்டமும் சேர்ந்த ஊசி, அல்லது ஆம்பிசிலினும் சல்பாக்டமும் சேர்ந்தது, அல்லது பெனிசிலின் குடும்ப மருந்தோடு மெட்ரோனிடசோலைச் சேர்த்துக் கொடுப்பது. மூன்றிலிருந்து ஆறு வாரம் வரை தொடர வேண்டும். ரத்தக் கட்டிக்குள் மருந்து மெதுவாகத்தான் ஊறும். சரியான மருந்து கொடுத்தும் ஒரு வாரம், பத்து நாள்கூடக் காய்ச்சல் அடிக்கும். பெற்றோர்கள் தவித்துப்போவார்கள், வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள், காய்ச்சல் நிற்க நாளாகும் என்று அவர் விளக்குவார். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தால் குழாய் வைத்து எடுப்பார்கள், மூட்டில் கட்டியிருந்தால் கழுவி எடுப்பார்கள். ரத்தத்தை உறையவிடாத மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்பதில் நிபுணர்களுக்குள் இன்றும் இரண்டு கருத்து உண்டு. கட்டி பரவினால், மூளைப் பக்கம் ஏறினால், பெரும்பாலோர் கொடுக்கிறார்கள்.

பலன்? பாரிஸில் இருபதில் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். டென்மார்க் கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஒன்பது பேர். அதே கிருமி, அதே சிரை, அதே இளம் வயது. அந்த ஒன்பதையும் குறைக்க வேண்டும் என்றால் இனி மருந்துக் கடையிலோ ஸ்கேன் அறையிலோ தேட வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவுக்கும் செவ்வாய்க்கிழமை காலைக்கும் நடுவே கழிந்துபோன அந்த நாட்களில் தேட வேண்டும்.

ஆகவே இந்த அவையிலிருந்து சிலரிடம் சில வேண்டுகோள்கள்.

பெற்றோர்களே, மருத்துவரிடம் போகும்போது "காய்ச்சல், டாக்டர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "போன வாரம் தொண்டை வலி இருந்தது டாக்டர், அது போயிடுச்சு. நேத்து ராத்திரி உடம்பைத் தூக்கிப் போடற மாதிரி குளிர். கழுத்துல ஒரு பக்கம் மட்டும் வலிக்குது." இப்படிச் சொல்லுங்கள். தொண்டை சரியாகிவிட்டதே, அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். போய்விட்ட தொண்டை வலிதான் இந்த நோயின் முதல் தடயம்.

விடுதிக் காப்பாளர்களே, காய்ச்சல் என்று படுத்திருக்கும் பிள்ளைக்குக் கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர் வந்தது என்று தோழர்கள் சொன்னால், காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அன்றிரவே அழைத்துப் போங்கள். மாணவர்களே, கழுத்தில் ஒரு பக்கம் வலியும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது சுளுக்கு இல்லை. தைலம் தேய்க்காதீர்கள், அழுத்திப் பிடித்துவிடச் சொல்லாதீர்கள்.

மருந்துக் கடைக்காரர்களே, சீட்டு இல்லாமல் அந்த மூன்று மாத்திரையைக் கொடுக்காதீர்கள். "தொண்டை வலி எத்தனை நாளா இருக்கு தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டு, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இளம் மருத்துவர்களே, உங்களிடம் கடைசியாக. இரவுப் பணியில் இருக்கிறீர்கள், இருபது வயதுப் பையன் வந்திருக்கிறான், 104 டிகிரி, தட்டணு குறைவு, டெங்குச் சோதனை எடுத்தாயிற்று. முந்தைய வாரத்தில் தொண்டை வலி இருந்ததா என்று கேளுங்கள். இரு பக்கக் கழுத்தையும் தாடையிலிருந்து காறை எலும்பு வரை தொட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஆக்சிஜன் இல்லாத கல்ச்சருக்கான பாட்டிலை ஆய்வகத்திலிருந்து அந்த இரவே கேட்டு வாங்குங்கள். வார்டில் இல்லை என்று சொன்னால் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு ஆள் அனுப்பி எடுத்து வாருங்கள். ரத்தம் எடுத்த கையோடு முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். ஸ்கேனுக்கு விடியும்வரை ஆகலாம், ஊசிக்கு ஆகக் கூடாது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.